மிதிவண்டிப் பயணிக்கு ஒரு வழித்துணைப் பை



ஆகஸ்டு மாதம் நெருங்கும்போது நம் பங்குகளில் இளைஞர்கள் கூடிப் பேசத் தொடங்குவார்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேறி, செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறந்த நாளன்று திருவிழா நிறைவுறுகிறது. அங்கு நடந்து செல்வோர் பலர். மிதிவண்டியில் செல்வோரும் உண்டு. திருச்சியிலிருந்து புறப்பட்டால் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வீதம் மிதித்தாலும் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் சாலையில் இருக்க வேண்டும். உண்பதற்கும் இளைப்பாறுவதற்கும் ஆகும் நேரம் தனி.

பிள்ளை பயணம் புறப்படுகையில் பெற்றோர் கையில் பணம் கொடுக்கிறோம். பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோம். நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புகிறோம். ஆனால் அவன் வண்டியின் பின்னால் கட்டியிருக்கும் பையில் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? ஆள் நடமாட்டமற்ற சாலையில், அந்தி மயங்கும் வேளையில், காற்றுப் போன சக்கரத்துடன் நிற்பவனுக்கு அந்தப் பையே துணை. ஆகவே இம்மாதம் அதைத் திறந்து, அதில் இருக்க வேண்டியவை எவை என்று சற்று விரிவாகக் காண்போம்.

மூன்று கேள்விகள்

எப்பொருளையும் பையில் வைக்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுக் கொள்ளுதல் நலம். இது இல்லாவிட்டால் பயணம் நின்றுவிடுமா? இது வழியில் கிடைக்குமா? இதைப் பயன்படுத்த எனக்குத் தெரியுமா? முதல் இரண்டையும் பலர் கேட்டுக் கொள்கின்றனர். மூன்றாவதைக் கேட்பவர் சிலரே. பயன்படுத்தத் தெரியாதவன் சுமக்கும் கருவி வெறும் இரும்புப் பாரமே.

மிதிவண்டி வரலாற்றில் இதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சி உண்டு. பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயம் 1903இல் தொடங்கியது. அக்காலத்தில் அதன் விதிகள் மிகக் கடுமையானவை. வண்டி பழுதானால் ஓட்டுபவரே செப்பனிட வேண்டும். பிறர் உதவி கூடாது. 1913இல் யூஜீன் கிறிஸ்தோப் என்ற வீரர் பிரனீசு மலைத்தொடரில், தூர்மலே என்னும் கணவாயிலிருந்து இறங்கி வருகையில் வண்டியின் முன்கவை முறிந்துவிட்டது. மாற்றுக் கவையைச் சுமந்து செல்பவர் யார்? அவர் வண்டியைத் தோளில் தூக்கிக் கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, மலையடியில் இருந்த சாந்த் மரி தெ காம்பான் என்ற ஊரை அடைந்தார். அங்கே ஒரு கொல்லனின் உலைக்களம் இருந்தது. பந்தய அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருக்க, தாமே இரும்பைக் காய்ச்சி, அடித்து, கவையைப் பொருத்தினார். துருத்தியை ஊதச் சிறுவன் ஒருவன் உதவினான் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரமும் விதித்தார்கள்! மணிக்கணக்கில் பின்தங்கியும் அவர் பந்தயத்தைக் கைவிடவில்லை. இறுதியில் ஏழாமிடத்தில் வந்து சேர்ந்தார்.

அவரால் எப்படி இயன்றது? அவர் பூட்டுத் தொழில் பயின்றவர். இரும்பு வேலை அவர் கைக்குப் பழக்கமானது. பையில் இல்லாத கருவியை ஊர் கொடுத்தது. கைவேலையோ அவருடன் கூடவே வந்தது. நம் இளைஞர்கள் உலைக்களத்தில் இரும்பு காய்ச்ச வேண்டியதில்லை. பஞ்சர் ஒட்டவாவது தெரிந்திருக்க வேண்டாமா?

முதற்பகைவன் முள்

நெடும்பயணத்தில் அடிக்கடி நேரும் தடை பஞ்சர்தான். நம் சாலையோரங்களில் சீமைக் கருவேல மரத்துக்குக் குறைவில்லை. அதன் முள் டயரையும் துளைக்கும், செருப்பையும் துளைக்கும். பெரிய சாலைகளில் பஞ்சர்க் கடைகள் உண்டு. ஆயினும் அவற்றுள் பல மோட்டார் வாகனங்களுக்கானவை. மிதிவண்டிக்குரிய டியூபோ, வால் டியூபோ அங்கே கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகையால் பின்வருவன பையில் முதலிடம் பெற வேண்டும்.

கைப்பம்பு ஒன்று. நம் வண்டியின் வால்வுக்கு அது பொருந்துகிறதா என்று வீட்டிலேயே ஊதிப் பார்த்துவிட வேண்டும். பழைய மாதிரி மிதிவண்டியின் வால்வு ஒருவகை. மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற வால்வு இன்னொருவகை. சில கியர் வண்டிகளில் உள்ள மெல்லிய நீண்ட வால்வு மூன்றாம் வகை. ஒன்றுக்குரிய பம்பு மற்றொன்றுக்கு உதவாமல் போகலாம்.

ஒட்டுவதற்கான பொருள்கள்: உப்புத்தாள் ஒரு துண்டு, ஒட்டுத் துண்டுகள் ஏழெட்டு, சிறு கத்தரி ஒன்று, சொல்யூஷன் இரண்டு. ஏன் இரண்டு? ஒருமுறை திறந்த சொல்யூஷன் நாளடைவில் உள்ளேயே உலர்ந்துவிடும். சென்ற ஆண்டு திறந்ததை நம்பிப் புறப்படுபவன் காலிக் குழாயைப் பிதுக்கிக் கொண்டு நிற்பான். திறக்காத ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

டயரைக் கழற்றும் நெம்பிகள் இரண்டு அல்லது மூன்று. இவற்றுக்குப் பதிலாகத் திருப்புளியைப் பயன்படுத்தினால் அதன் முனை டியூபைக் கிழித்து, ஒரு துளையை இரண்டாக்கும்.

மாற்று டியூப் ஒன்று, வண்டியின் டயர் அளவுக்குச் சரியானது. மழையில் நனைந்த டியூபில் ஒட்டுப் பிடிக்காது. இருட்டில் துளையைக் கண்டுபிடிப்பதும் அரிது. அவ்வேளைகளில் டியூபையே மாற்றிவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்து, கிழிந்ததை ஊர் சேர்ந்தபின் நிதானமாக ஒட்டலாம். ஆனால் பழைய மாதிரி வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றுவதென்றால் செயின், பிரேக், மட்கார்டுக் கம்பி, கேரியர்க் கால் என எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். அதனால்தான் கடைக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கி, டியூபை வெளியே இழுத்து ஒட்டுகிறார்கள். இம்முறையை அவர்களிடம் நின்று பார்த்துக் கற்றுக் கொள்வது நல்லது.

பழைய மாதிரி வண்டி உடையவர்களுக்கு இன்னுமொன்று: வால் டியூப் ஒரு சாண் நீளம். வால்வுக்குள் இருக்கும் இந்தச் சிறு ரப்பர்க் குழல் வெயிலில் நைந்து போனால் காற்று மெல்லக் கசியும். பலர் இதைப் பஞ்சர் என்று எண்ணி டயரையெல்லாம் பிரித்துப் பார்த்து வீணே களைப்படைகின்றனர். காற்று இறங்கியதும் முதலில் வால்வின் வாயில் சிறிது நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் பிணி அங்கேதான். இரண்டு நிமிட வேலையில் தீரும்.

ஒட்டும் முறையிலும் ஒரு சொல். துளையைச் சுற்றி உப்புத்தாளால் நன்கு தேய்த்து, சொல்யூஷனை மெல்லிதாகப் பூசி, அது கையில் ஒட்டாத அளவுக்கு உலரும்வரை பொறுத்திருந்து, பிறகே ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரம் காயுமுன் அவசரப்பட்டு ஒட்டுவதே பெரும்பாலான ஒட்டுகள் கழன்று போவதற்குக் காரணம். டியூபை உள்ளே வைக்குமுன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். குத்திய முள் இன்னும் அங்கேயே இருந்தால் அடுத்த கிலோமீட்டரில் மீண்டும் நிற்க வேண்டியதுதான். துளைகள் அடுத்தடுத்து இரண்டாகக் காணப்பட்டால் அது முள்ளின் வேலையாய் இராது. காற்றுக் குறைவாயிருந்த சக்கரம் குழியில் இறங்கியபோது ரிம் டியூபைக் கடித்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மருந்து, நிறையக் காற்று அடிப்பது.

பிற கருவிகள்

வண்டியிலுள்ள நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர், ஒரு திருப்புளி, சிறு குறடு ஆகியவை வேண்டும். கியர் வண்டியானால் ஆறுமூலை ஆலன் சாவிகள் இன்றியமையாதவை. அவ்வண்டிகளின் பெரும்பாலான திருகுகள் 4, 5, 6 மில்லிமீட்டர்ச் சாவிகளுக்கே இசையும். செயின் அறுந்தால் சேர்ப்பதற்கு, பழைய மாதிரி வண்டிக்கு ஒரு செயின் லாக். கியர் வண்டிக்கு அதன் செயின் வகைக்கேற்ற இணைப்புக் கண்ணியும், கண்ணியின் ஆணியைத் தள்ளும் சிறு கருவியும். பிரேக் கட்டை ஒரு ஜோடி. கம்பி பிரேக்குக்குப் பதிலாகக் கேபிள் பிரேக் உள்ள வண்டிக்கு ஒரு மாற்றுக் கேபிள்.

இவற்றுடன் விலையில்லாப் பொருள்கள் சில உண்டு. பழைய டயரிலிருந்து வெட்டிய கையகலத் துண்டு ஒன்று: டயர் கிழிந்துவிட்டால் அந்த இடத்தில் உட்புறமாக வைத்து ஊர்வரை ஓட்டலாம். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய இரண்டு நாடாக்கள்: சுமை கட்டவும், முறிந்த மட்கார்டுக் கம்பியைப் பிணைக்கவும் உதவும். மெல்லிய இரும்புக் கம்பி ஒரு முழம், இன்சுலேஷன் டேப் ஒரு சுருள், கை துடைக்கப் பழந்துணி. பம்பு உட்பட இவையெல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோ அளவிலேயே அடங்கிவிடும்.

சில பிணிகளுக்கு வழியில் மருந்தில்லை. பெடல் தண்டில் ஆட்டம், காட்டர் பின்னின் தேய்வு, ஃப்ரீவீல் வழுக்குதல், சக்கரக் கம்பிகளின் தளர்ச்சி, வெடிப்பு விட்ட டயர் ஆகியவற்றைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே கடையில் கொடுத்துச் சரிசெய்துவிட வேண்டும். முந்தின நாள் மாலையில் புது டயர் மாற்றிப் புறப்படுவதைவிட, மாற்றி இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துப் புறப்படுவது அறிவுடைமை.

உடலுக்கு வேண்டியவை

வண்டியைக் காட்டிலும் விரைவில் பழுதாவது ஓட்டுபவரின் உடல். வெயிலில் மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வையையும் இழக்கக்கூடும். ஆளுக்கு இரண்டு லிட்டர்த் தண்ணீராவது வண்டியில் இருக்க வேண்டும். சிறிது சிறிதாக அடிக்கடி பருக வேண்டும். நெடுநேரம் வெறுந்தண்ணீரையே மிகுதியாகக் குடிப்பதும் தீது. வியர்வையோடு உப்பும் போகிறதல்லவா?

இதற்கென உள்ள உப்புச் சர்க்கரைப் பொடிப் பொட்டலங்கள் நான்கைந்து வைத்துக் கொள்ளுங்கள். 1971இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பு வழியே ஏற்றும் மருந்து தீர்ந்து போனபோது, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் இத்தகைய கரைசலை வாய் வழியாகக் கொடுத்தே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். அத்துணை எளிய மருந்து இது. பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரில் முழுப் பொடியையும் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லையெனில் ஒரு லிட்டர் தூய நீரில் தட்டிச் சமமாக்கிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு இதற்கு மேல் கூடலாகாது.

உணவுக்கு வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் போன்றவை போதும். வயிறு நிறையச் சோறுண்டு உடனே மிதித்தல் கூடாது. சுத்தமான துணிக்கட்டு, பிளாஸ்திரி, கிருமிநாசினி ஆகியவை சிறு டப்பாவில் இருக்கட்டும். நாள்தோறும் மருந்துண்பவர் மருந்தையும், மருத்துவர் சீட்டின் நகலையும் எடுத்துச் செல்ல வேண்டும். பெயர், இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கைப்பேசியின் மின்சாரம் தீர்ந்து போகலாம், காகிதம் தீராது.

உடன் வருபவர் வெயிலில் தள்ளாடினாலோ, பிதற்றினாலோ, வாந்தியெடுத்தாலோ, உடல் நெருப்பாய்க் கொதித்தாலோ, அதைச் சோர்வு என்று விட்டுவிடாதீர்கள். உடனே நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் தெளித்து விசிறுங்கள், 108க்கு அழையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் நீர் புகட்டலாகாது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு விலை.

ஒளியும் நிறமும்

பிரான்சில் பாரிசிலிருந்து பிரெஸ்து நகரம்வரை சென்று திரும்பும் 1200 கிலோமீட்டர்ப் பயணம் 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் அப்பயணத்தில், முன்னும் பின்னும் விளக்கில்லாத வண்டி அனுமதிக்கப்படுவதில்லை. இரவில் ஒளியைத் திருப்பிக் காட்டும் மேலங்கி அணிவது கட்டாயம். ஆண்டுக் கணக்கில் பயிற்சி பெற்றவர்களுக்கே இவ்விதி என்றால், பேருந்தும் லாரியும் விரையும் நம் சாலைகளில் செல்லும் பிள்ளைகளுக்கு எத்துணை தேவை!

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, அவற்றுக்கு மாற்று மின்கலம் அல்லது பவர் பேங்க் வேண்டும். மட்கார்டிலும் பெடலிலும் ஒளிகாட்டும் வில்லைகள் ஒட்டுங்கள். தலைக்கவசம் அணியுங்கள். வெளிறிய, பளிச்சென்ற நிற ஆடை நலம். முடிந்தவரை இருட்டில் ஓட்டாதிருப்பது எல்லாவற்றினும் நலம். விடியலில் புறப்பட்டு, உச்சி வெயிலில் இளைப்பாறி, அந்திக்குள் தங்குமிடம் சேரும்படி பயணத்தை இரண்டு நாள்களாகப் பிரித்துக் கொள்ளலாமே!

சுமையைக் கட்டும் முறை

சுமை குறையக் குறையப் பயணம் எளிதாகும். 1884இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு மிதிவண்டியில் உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ், மாற்றுச் சட்டை, காலுறை, மழையங்கி போன்ற சிலவற்றையே எடுத்துச் சென்றார். அந்த மழையங்கியே அவருக்கு இரவில் கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவியது. ஒரு பொருள் இரு வேலை செய்யுமானால் இரண்டாம் பொருளை வீட்டில் விட்டுச் செல்லலாம்.

சுமை கேரியரில், இருபுறமும் சமமாக, இயன்றவரை தாழ்வாக இருக்க வேண்டும். ஹாண்டில் பாரில் தொங்கும் பை வண்டியைத் தடுமாறச் செய்யும். முதுகில் மாட்டிய பை தோளையும் இடுப்பையும் வருத்தும். கட்டிய கயிற்றின் நுனி தொங்காதபடி செருகுங்கள். அது சக்கரத்தில் சிக்கினால் பெரும் விபத்தாகும். கருவிகள் பையின் அடியில் புதையாமல், கைக்கு உடனே எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பை யாரிடம்?

குழுவாகச் செல்கையில் ஒவ்வொருவரும் எல்லாக் கருவிகளையும் சுமக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு டியூப், தண்ணீர், விளக்கு. ஐந்து பேருக்கு ஒரு கருவிப்பை போதும். அந்தப் பை யாரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. வலிமையுள்ளவன் என்று சொல்லி முன்னால் செல்பவனிடம் கொடுத்துவிடுவது வழக்கம். பஞ்சரானவனோ பின்தங்கி நிற்பான். பம்பு மூன்று கிலோமீட்டர் முன்னே போய்க்கொண்டிருக்கும், கூப்பிட்டாலும் கேட்காது!

ஆகையால் பை கடைசியில் வருபவரிடம் இருக்க வேண்டும். அவர் வேலை தெரிந்தவராகவும் பொறுமை உள்ளவராகவும் இருத்தல் வேண்டும். எவரையும் முந்தாமல், நின்றவரிடம் நின்று, எல்லோரையும் தமக்கு முன்னால் அனுப்பிவைத்து இறுதியில் வந்து சேர்வது அவர் பணி. இப்பொறுப்புக்கு ஒருவரைத் தேர்ந்து கொள்ளாத குழு புறப்படாதிருப்பது நல்லது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பயணத்திற்கு முந்திய ஞாயிறு மாலை, பையிலுள்ளவற்றை முற்றத்தில் பரப்பச் சொல்லுங்கள். சக்கரத்தின் காற்றை இறக்கிவிட்டு, டியூபை வெளியே எடுத்து, ஒட்டி, மீண்டும் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். மகனிடம் மட்டுமின்றி மகளிடமும் சொல்லுங்கள். நாள்தோறும் பள்ளிக்கு மிதித்துச் செல்பவளுக்கும் இது தேவை. முதல்முறை ஒரு மணி நேரம் ஆகலாம். மூன்றாம் முறை கால் மணியில் முடியும். அதை ஒருமுறை கண்ணால் கண்ட பிறகு, "போய் வா" என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் மனத்தில் அச்சம் பாதியாகும். போகும் வழியில் முன்பின் அறியாத ஒருவர் காற்றுப் போன வண்டியைத் தள்ளிக்கொண்டு வரக் கண்டால், உங்கள் பிள்ளை இறங்கி நின்று உதவவும் அவனிடம் பொருளிருக்கும்; கையில் வேலையும் இருக்கும்.